யாருடைய கைமுதல்

பிப்ரவரி 5, 2018, திங்கள்

ஒன்பது போட்டிகளில் உட்கார்ந்தேன். ஒன்றில்கூட ஒரு காசு தேறவில்லை.

அமெரிக்காக்காரர்களின் ஞாயிறு மதியம் நியூசிலாந்தில் எங்களுக்குத் திங்கள் காலை. வாரத்தின் பெரிய போக்கர் போட்டிகளை அவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஆற அமர ஆடுகிறார்கள். நான் என் கணவன் தாமாவுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்து, அவன் வேன் தெருமுனை திரும்பியதும் கணினியைத் திறக்கிறேன். கையில் இரண்டு ராஜா. எவனோ ஏஸையும் ஒன்பதையும் வைத்துக்கொண்டு மொத்தத்தையும் தள்ளினான். கடைசிச் சீட்டில் ஏஸ் விழுந்தது. இப்படி இன்றைக்கு மூன்று முறை.

தாமா கிவிப்பழத் தோட்டத்திலிருந்து வந்து, பூட்ஸைக் கழற்றும்போதே கேட்டான்.

"எவ்வளவு?"

"மூவாயிரத்து நூறு."

"சரி" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். அவ்வளவுதான் கேட்பான். போன ஏப்ரலில் நான் மருந்துக்கடை வேலையை விட்டபோது பேசிக்கொண்டது இதுதான்: ஒரு வருஷம் எனக்கு. கைமுதல் எட்டாயிரம் அமெரிக்க டாலர், அதில் வீட்டுக் காசு கலக்கக் கூடாது. இரண்டாயிரத்துக்குக் கீழே போனால் ஆட்டத்தை மூடிவிட்டு, கிவி பேக்கிங் ஷெட்டுக்கு வேலைக்குப் போக வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை, திங்கள் மாலை, மிச்சமிருக்கும் தொகையைச் சொல்ல வேண்டும். நான்தான் இதையெல்லாம் போட்டேன். அவன் தலையாட்டினான்.

பிப்ரவரி 7

இன்று ஆடவில்லை. ஆடாததற்கு ஒரு பரிசு வைத்திருந்தால் அதையாவது வாங்கியிருப்பேன்.

பிப்ரவரி 12, திங்கள்

விதி எனக்குத் தெரியாததல்ல. புதிதாக ஆட வருகிறவர்களுக்கு நானே எழுதிச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்: ஒரு போட்டிக்குக் கட்டும் காசு கைமுதலில் நூற்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. எவ்வளவு நன்றாக ஆடினாலும் அதிர்ஷ்டம் மாதக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அதைத் தாங்கக் கைமுதல் வேண்டும். என் நிலைமைக்கு முப்பது டாலர் போட்டி. அதற்கும் கீழே இருந்தால் இன்னும் நல்லது.

இன்று நூற்றொன்பது டாலர் போட்டிகளில் உட்கார்ந்தேன். நான்கில்.

ஏன்? கீழே ஆடுகிறவர்கள் மோசமாக ஆடுகிறார்கள், அவர்களோடு ஆடினால் என் ஆட்டம் கெட்டுவிடும் என்று ஒரு சாக்கு. மோசமா ஆடுறவங்கன்னா அங்கதானே ஜெயிக்கணும்? அப்ப ஏன்டி போகல?

வெட்கம். வேறொன்றுமில்லை. நூற்றொன்பதில் என் ஆட்டப் பேர் 'மீன்கொத்தி' என்றால் தெரியும். என் பேரைப் பார்த்ததும் சிலர் மேஜையில் கொஞ்சம் ஒதுங்கியே ஆடுவார்கள். இரண்டு டாலர் மேஜையிலிருந்து மூன்று வருஷம் ஏறி வந்திருக்கிறேன். மறுபடி அங்கே போய் உட்கார்ந்தால் என்னைப் பார்த்துச் சிரிக்க யாரும் இல்லை, நானே போதும்.

தாமாவிடம் இரண்டாயிரத்து எழுநூறு என்றேன்.

பிப்ரவரி 19, திங்கள்

இரண்டாயிரத்து முந்நூறு. இன்னும் ஒரு மோசமான காலை, இரண்டாயிரம் என்ற கோட்டுக்குக் கீழே போய்விடுவேன்.

மதியம் லோவ்ரி கூப்பிட்டான். ஆஸ்திரேலியாக்காரன். போன வருஷம் அங்கே இணையப் போக்கரைத் தடை செய்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு இங்கே பக்கத்து நகரமான தவுரங்காவுக்கு வந்துவிட்டான். என்னைவிட ஏழு வயது இளையவன், என்னைவிட நல்ல ஆட்டக்காரன், அதை மறைக்கத் தெரியாதவன். வாரம் இரண்டு நாள் சேர்ந்து ஆட்டங்களை அலசுவோம்.

"கணக்குல எவ்வளவு இருக்கு, கெர்ரி?"

சொன்னேன். சிரித்தான்.

"அத வச்சுக்கிட்டு நூத்தி ஒம்போது ஆடுறியா? உனக்கு மண்டையில ஏதாச்சும் கழண்டு போச்சா?"

"ஆமா, கழண்டுதான் போச்சு. அதுக்கு என்ன இப்ப?"

"ரெண்டு வழி இருக்கு. அஞ்சு டாலர் மேஜைக்கு இறங்கு, அடுத்த வருஷத்துக்குள்ள ஏறி வந்துருவ. இல்லன்னா என் காசுல ஆடு."

அவன் காசில் மூன்று பேர் ஏற்கெனவே ஆடுகிறார்கள். போட்டிக்கு அவன் கட்டுவான். தோற்றால் தோற்றது பாக்கியாக ஏறும். ஜெயித்தால் முதலில் பாக்கி முழுக்கத் தீர வேண்டும், அதற்குமேல் வருவதில் ஆளுக்குப் பாதி. என் இரண்டாயிரத்து முந்நூறு கணக்கில் அப்படியே கிடக்கும்.

"வாரா வாரம் எனக்குக் கணக்கு சொல்லிடணும். ஒரு காசு விடாம. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

தாமாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கேட்டால் 'அப்போ நம்ம கோடு?' என்பான். லோவ்ரியிடம் சரி என்றேன்.

பிப்ரவரி 20

யோசித்துப் பார்த்தால் இது தவறே இல்லை. கைமுதலைக் காப்பதுதானே விதி? காப்பாற்றிவிட்டேன். கோடு தாண்டவில்லை. இனித் தாண்டவும் முடியாது.

இவ்வளவு சரியான காரியத்தை ஏன் தாமாவிடம் சொல்லாமல் இதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்?

பிப்ரவரி 26, திங்கள்

முதல் வாரம். பாக்கி ஆயிரத்து நூறு.

"எவ்வளவு?"

"அதே ரெண்டாயிரத்து முந்நூறு."

"இறங்கலையா? பரவால்லயே."

மார்ச் 5, திங்கள்

லோவ்ரிக்குக் கணக்கு அனுப்பினேன். பாக்கி இரண்டாயிரத்து நானூறு. "கவலப்படாத தாயே, ஆட்டம் நல்லாத்தான் இருக்கு, சீட்டுதான் வரல" என்று பதில் போட்டான். மாலையில் தாமாவுக்கும் கணக்கு சொன்னேன்.

"ரெண்டாயிரத்து முந்நூறு."

"நகரவே இல்லையே" என்று என் தலையைப் பிடித்து ஆட்டினான். "நல்லா புடிச்சு நிக்குற, கெர். போன மாசம் பயந்துட்டேன், தெரியுமா? சொல்லல உங்கிட்ட."

நிஜத்தைத்தான் சொன்னேன். கணக்கைத் திறந்து காட்டச் சொன்னாலும் அதே எண்தான் இருக்கும். இவ்வளவு சுத்தமான நிஜத்தை என் வாழ்க்கையில் நான் சொன்னதே இல்லை.

மார்ச் 13

செவ்வாய். நேற்று எழுத முடியவில்லை. எழுதினால் அழுவேன் என்று எழுதவில்லை. இன்றும் அதே கதைதான்.

மார்ச் 19, திங்கள்

பாக்கி ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டது.

பெரிய தெருவில் பேக்கிங் ஷெட் வாசலில் ஆள் தேவை பலகை வைத்துவிட்டார்கள். பச்சை எழுத்து. காய்கறி வாங்கப் போகும்போது எதிர்ப்பக்கமாக நடந்து போனேன். பலகைக்குப் பயந்து ரோடு மாறுகிற ஒரே பெண்பிள்ளை இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன்.

நான் நிஜமாகவே நன்றாக ஆடுகிறேனா? லோவ்ரி ஆமாம் என்கிறான். ஆனால் அவனுடைய காசு என்னிடம் மாட்டியிருக்கிறது, அவன் வேறென்ன சொல்வான்? வருஷக்கணக்கில் சீட்டே வராமலும் போகலாம், மோசமான ஆட்டக்காரிக்கும் இதே மாதிரிதான் போகும். இரண்டையும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உள்ளேயிருந்து பார்த்தாலும் தெரியவில்லை.

மருந்துக்கடையில் பதினோரு வருஷம் மாத்திரை எண்ணினேன். ஒரு நாளும் யாரும் என்னைப் பார்த்து ஒதுங்கியதில்லை. இந்த ஒன்றுதான் எனக்கு வந்தது. இது இல்லையென்றால் நான் யார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மார்ச் 26, திங்கள்

"அதே ரெண்டாயிரத்து முந்நூறு."

தாமா தன் அண்ணன் ஹேமியிடம் ஃபோனில் பெருமையடிப்பது அடுப்படி வரை கேட்டது. "ஒரு மாசமா ஒரு டாலர் இறங்கல, ப்ரோ. அவ்வளவு கட்டுப்பாடு."

ஃபோனைப் பிடுங்கிச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. உருளைக்கிழங்கு வெந்துவிட்டதா என்று பார்த்தேன்.

ஏப்ரல் 3

கத்திவிட்டேன். எனக்கு ஏஸ் இரண்டு, மேஜையில் ஏஸ் ஒன்று, எதிராளிக்கு ஒன்றுமே இல்லை. அடுத்தடுத்து இரண்டு சீட்டு வந்து அவனுக்குச் சேர்ந்துகொண்டது. 'நல்ல ஆட்டம்' என்று வேறு எழுதினான். நான் கத்தின கத்தலில் தபால்காரி வண்டியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"உள்ள எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"அடுப்புல கை சுட்டுருச்சு."

"குளுந்த தண்ணியில காட்டுங்க. பத்து நிமிஷம் எடுக்காதீங்க" என்றாள். அவள் போகும்வரை குழாயைத் திறந்து கையைக் காட்டிக்கொண்டு நின்றேன். சுடாத கை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். யாராச்சும் வந்து போதும்டி, எழுந்திருன்னு சொன்னா எழுந்திருவேன். வீட்டுல யாரும் இல்ல.

ஏப்ரல் 9, திங்கள்

பாக்கி எட்டாயிரத்து நூறு. காலையில் அந்த எண்ணோடுதான் உட்கார்ந்தேன்.

நூற்றொன்பது டாலர் போட்டி. பத்து மணிக்குள் பாதிப் பேர் வெளியே. எனக்கு வந்த சீட்டெல்லாம் நின்றது. பயமே இல்லை. எவன் நடிக்கிறான், எவனிடம் நிஜமாகவே இருக்கிறது என்று கண்ணாடி போட்ட மாதிரி தெரிந்தது. மதியம் கடைசி மேஜையில் ஒன்பது பேரில் ஒருத்தியாக உட்கார்ந்திருந்தேன்.

அப்போது தாமாவிடமிருந்து செய்தி: "பாத்துட்டே இருக்கோம்." மேஜையை வெளியிலிருந்து யாரும் பார்க்கலாம், அவனுக்கு என் ஆட்டப் பேர் தெரியும். டீ இடைவேளையில் பறிக்கிற கூட்டம் முழுக்க அவன் ஃபோனைச் சுற்றி நின்றிருக்கிறது. போக்கரே தெரியாத ஆட்கள். மேற்பார்வை பார்க்கிறவர்கூட வேலைக்கு விரட்டாமல் நின்று பார்த்தாராம்.

இரண்டு பேர் மிஞ்சினோம். என்னிடம் ராணி ஜோடி, அவனிடம் பத்து ஜோடி. பத்து விழுந்தது. இரண்டாம் இடம். ஆறாயிரத்து இருநூறு டாலர்.

அத்தனையும் பாக்கிக்குப் போகும். போன பிறகும் ஆயிரத்துத் தொள்ளாயிரம் நிற்கும். முதலிடம் வந்திருந்தால்கூட எனக்கென்று நானூறோ ஐந்நூறோதான் வந்திருக்கும். ஆடும்போது இதெல்லாம் மண்டையில் இல்லவே இல்லை. கடைசிச் சீட்டு விழுந்த பிறகுதான் உறைத்தது.

தாமா சீக்கிரமே வந்துவிட்டான். ஒரு பை நிறைய மக்கெத்துக் கடற்கரைச் சிப்பி வாங்கி வந்திருந்தான். என்னைத் தூக்கிச் சமையலறையில் ஒரு சுற்றுச் சுற்றினான். அவனுடைய முதுகு இருக்கிற நிலைக்கு அது தேவையா?

"இப்ப சொல்லு. எவ்வளவு?"

"இன்னும் கணக்குல ஏறல. ரெண்டு நாள் ஆகும்."

இதுதான் முதல் முழுப் பொய். ரொம்ப சுலபமாக வந்தது.

ஏப்ரல் 11

லோவ்ரி கணக்கு முடித்து அனுப்பினான். "பாக்கி 1900. இனி ஏறுமுகம்தான் தாயே."

தாமாவிடம் நாளைக்குச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 13

நாளைக்கு.

ஏப்ரல் 15, ஞாயிறு

ஹேமி வீட்டில் விருந்து. எனக்காக. பன்றி எலும்பும் நீர்க்கீரையும் பெரிய பானை நிறையக் கொதித்துக்கொண்டிருந்தது. பொரித்த ரொட்டி மலை மாதிரி. ஹேமி பீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

"எங்க குடும்பத்துல காசு தொலச்சவன் எத்தன பேரோ இருக்கான். கொண்டுவந்தது இவ ஒருத்திதான். அதனால இனிமே எல்லாச் சாப்பாட்டுக்கும் கெரின் காசு கட்டுவா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

"தம்பியையும் சொல்லணும். ஹேஸ்டிங்ஸ்ல ஆப்பிள் தோட்டத்துல ஃபோர்மேன் வேலை. வீடும் சேத்து. பிப்ரவரியில கூப்பிட்டாங்க. வேணாம்னுட்டான். நான் திட்டினேன், நல்லா திட்டினேன். 'கெரினோட வருஷம் இன்னும் முடியல, நடுவுல கலைக்க மாட்டேன்'னான். இப்ப நான் வாய மூடிக்கிறேன்."

வாயில் ரொட்டி. தாமாவைப் பார்த்தேன். அவன் தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது கைத்துனா ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் வேனை நிறுத்தச் சொன்னேன். சொன்னேன். லோவ்ரி, பாக்கி, ஆறாயிரத்து இருநூறு போன இடம், எல்லாம். முடித்ததும் கேட்டான்.

"லோவ்ரிக்கு வாரா வாரம் கணக்கு சொன்னியா?"

"சொன்னேன். அதுதான் ஒப்பந்தம்."

"ஒரு காசு விடாம?"

"ஆமா."

"எங்கிட்டயும் வாரா வாரம் சொன்ன."

"சொன்னேன்."

"ம்."

கோபித்திருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். எனக்கு அது கை வந்த கலை. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தான்.

"ஹேஸ்டிங்ஸ் வேலைய ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று நான்தான் கேட்டேன். கேட்க எனக்கு வாய் இருந்தது பாருங்கள்.

"சொன்னா நீ ஆட்டத்த விட்டிருப்ப."

"விட்டிருக்க மாட்டேன்."

அது உண்மை. அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அவன் வண்டியைக் கிளப்பினான்.

ஏப்ரல் 16, திங்கள்

கணினியைத் திறக்கவில்லை. தாமா இரவு முன்னறை சோபாவில் படுத்தான். முதுகுவலி என்றான்.

ஏப்ரல் 18

ஏழு வாரம் லோவ்ரி என் மேல் காசு போட்டான். ஒரு வருஷமாகப் போட்டவன் வேறொருத்தன். வாடகை, கரண்டு, இணையம், சாப்பாடு, பிறகு அந்த வீட்டோடு கூடிய வேலை. அவன் பாக்கி எழுதவே இல்லை. ஒரே ஒரு எண்ணைத்தான் கேட்டான், திங்கட்கிழமை, பூட்ஸைக் கழற்றிக்கொண்டே. அதைக்கூட நான் அவனுக்கு ஒழுங்காகக் கொடுக்கவில்லை.

லோவ்ரியைக் கூப்பிட்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்தையும் கட்டிவிடுகிறேன் என்றேன்.

"பாக்கிய யாரும் கையில இருந்து கட்ட மாட்டாங்க, கெர்ரி. ஆடித்தான் கழிப்பாங்க. எங்கயும் அதான் வழக்கம்."

"தெரியும். நான் கட்டுறேன்."

"இப்பதான் உனக்குச் சீட்டு வர ஆரம்பிச்சிருக்கு. இப்ப விடுறது பைத்தியக்காரத்தனம். அடுத்த திங்கள் மட்டும் உக்காரு. ஒரே ஒரு திங்கள்."

அவன் கெட்டவன் இல்லை. அவன் சொல்வது கணக்குப்படி சரியும்கூட. உட்கார எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. பேச்சை நிறுத்தினால் சம்மதித்துவிடுவேன் என்று பேசிக்கொண்டே பணத்தை அனுப்பினேன். மிஞ்சிய நானூறை வெளியே எடுத்தேன். வேனுக்கு இரண்டு டயர் மாற்ற வேண்டியிருந்தது.

கைமுதல் என்று எழுத இனி ஒன்றுமில்லை.

ஏப்ரல் 23, திங்கள்

பேக்கிங் ஷெட்டில் முதல் நாள். தாமாவின் தோட்டம் அதே சாலையில்தான், இரண்டு வளைவு தள்ளி. அவன் வேனில் போனான். நான் சைக்கிளில் போனேன். கூட வரியா என்று அவன் கேட்கவில்லை. வரட்டுமா என்று நானும் கேட்கவில்லை.

பெல்ட்டில் காய் வந்துகொண்டே இருக்கிறது. அடிபட்டது, கோணலானது, மென்மையாகிவிட்டது, எல்லாவற்றையும் எடுத்துப் போட வேண்டும். கண்ணை மூடினாலும் காய் ஓடுகிறது. பக்கத்தில் நிற்கும் பெண் முன்னே என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டாள். மருந்துக்கடை என்றேன்.

மாலையில் அவன் பூட்ஸைக் கழற்றினான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்க ஒன்றும் இல்லைதான்.

ஏப்ரல் 25

ஆன்சாக் தினம், போரில் இறந்தவர்களை நினைக்கிற நாள். விடுமுறை. ஒரே வீட்டில் ஒரு முழு நாள். அவன் புல் வெட்டினான். வெட்டின புல்லையே மறுபடியும் வெட்டினான்.

ஏப்ரல் 29, ஞாயிறு

வெள்ளிக்கிழமை டீ இடைவேளையில், ஷெட்டுக்குப் பின்னால் பெட்டிகள் அடுக்கியிருக்கும் இடத்தில் நின்று ஹேஸ்டிங்ஸுக்கு ஃபோன் செய்தேன். பேர் சொல்லவில்லை. அந்த ஃபோர்மேன் வேலை இன்னும் காலியாக இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"அதுவா? மார்ச் மாசமே ஆள் வந்தாச்சுங்க. நல்லா பாத்துக்கிறாரு. வீட்டுக்கும் குடி வந்துட்டாங்க."

இரண்டு நாள் அதை மனசுக்குள் வைத்திருந்தேன். இனி எதையும் வைத்திருக்கக் கூடாது என்று இன்று சாயங்காலம் சொன்னேன். தாமா அடுப்படி மேஜையில் பறிக்கும் பையின் வாரைத் தைத்துக்கொண்டிருந்தான்.

"ஹேஸ்டிங்ஸுக்கு ஃபோன் பண்ணேன்."

தலை நிமிரவில்லை. "மார்ச்லயே ஆள் போட்டுட்டாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நானும் பண்ணேன்."

"எப்போ?"

"நீ வேன்ல சொன்னதுக்கு மறுநாள் காலைல."

நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த வீட்டை அவன் மனசுக்குள் எத்தனை நாள் வைத்திருந்தானோ, எந்த அறை எதற்கு என்று பிரித்துக்கூட வைத்திருந்தானோ, எனக்குத் தெரியாது. மன்னிப்பு கேட்டுக் கேட்டு அந்த வார்த்தையே தேய்ந்துபோயிருந்தது. ஊசியில் நூல் தீர்ந்தது. நூல்கண்டை உருட்டி, ஊசியையும் என் பக்கம் வைத்தான். அவனுக்குக் கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. கோத்துக் கொடுத்தேன்.

நான்கைந்து தையல் போட்ட பிறகு பேசினான்.

"நாளைக்கு உனக்கும் ஆறு மணிதானே?"

"ஆமா."

"சைக்கிள எடுக்காத. மழை வரும்போல இருக்கு."

வாசலில் போய்ப் பார்த்தேன். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. உள்ளே வந்து, சரி என்றேன்.